கடினச் சொற்கள் மட்டும்

எங்கள் வீட்டில் யாராவது ஒருத்தியின் குரல் போயே ஆகவேண்டும் என்றால், என்னுடையது போயிருக்கலாம். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை கேட்டு வருகிற ஆளிடம் அவர் மாமியார் கதை வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பேன். அக்கா அப்படியில்லை. அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று நாளெல்லாம் மைக்கில் சொல்கிற வேலை. குரல்தான் சோறு போடுகிறது என்பதால் வெளியே வந்தால் அதைச் செலவு செய்யமாட்டாள். தெருவில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் என் தோளைத்தான் தட்டுவாள். ஊரைக் கூட்டுகிற வேலை எனக்கு.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. நிலையத்தில் எதையும் இரண்டு முறை சொல்லவேண்டும். முதல் முறை சாதாரணமாக, இரண்டாம் முறை கொஞ்சம் நிதானமாக. அது வீட்டுக்கும் வந்துவிட்டது. "சாப்பிட வா மிளகு. சாப்பிட வா மிளகு." சாப்பிட வரவேண்டியவள் உள்ளறையிலிருந்தே, "எந்த மேடைம்மா?" என்பாள்.

மிளகு அக்காவின் மகள். ஆள் சிறிசு, காரம் பெரிசு என்பதால் நான் வைத்த பெயர். அக்காவும் அதையே பிடித்துக்கொண்டாள். மிளகின் அப்பா வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு நலமாக இருக்கிறார். அந்த ஆளுக்கு இந்தக் கதையில் இவ்வளவு இடம் போதும்.

மிளகுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அக்காவின் தொண்டையில் கட்டி என்றார்கள். வெறும் தொண்டைக் கம்மல் என்று நினைத்துக்கொண்டிருந்தது கம்மல் இல்லை. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: உயிரைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் குரல்வளையை எடுக்கவேண்டும், அதற்குப் பிறகு பேச்சு இருக்காது. அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்தார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "பரீட்சைக்கு முன்னாடியே ஆபரேஷன் முடிஞ்சிடும். நல்லதுதான்" என்றாள். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் விஷயத்தைச் சொன்னாள். கையோடு ஒரு உத்தரவும் போட்டாள்: இனிமேல் இதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது. அக்கா ஒன்றைச் சொல்லிவிட்டால் அது மேடை எண் மாதிரி, மாறாது.

மிளகுக்குக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலச் சொற்கள்தான் இடித்தன. தேர்வில் ஒரு பகுதி முழுக்க அர்த்தம் கேட்பார்கள். கண்ணால் படித்தால் அவளுக்கு ஏறாது. காதில் விழுந்தால் போகவே போகாது. சின்ன வயதில் பள்ளி விட்டதும் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதியது எல்லாம் தப்பாக இருக்கும், ஆனால் வண்டி நேரங்களை ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். அதை வைத்துத்தான் அக்கா முடிவு செய்தாள். ஒரு சொற்புத்தகம் வாங்குவது. அதைத் தன் குரலில் முழுசாகப் படித்துப் பதிவு செய்வது. போகப்போகிற குரலை வைத்தே மகளைக் கல்லூரிக்குள் தள்ளிவிடுவது. அதற்காகவே வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

புத்தகக் கடைக்கு மூன்று பேரும் போனோம். தேர்வுப் புத்தகங்களுக்கென்றே ஒரு சுவர். கடைக்காரர் ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒரு பெட்டி நிறைய அட்டைகள்: ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம். அதை அக்கா தொடக்கூட இல்லை. கடைக்காரர் தன் செல்லை எடுத்து ஒரு செயலியைக் காட்டினார். அது சொற்களைத் தானே உச்சரித்தது. அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மூச்சே விடாம பேசுது" என்றாள். "கேக்கற புள்ளைக்கு மூச்சு முட்டும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு சிவப்புப் புத்தகத்தைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். தலையணைக்கு அடியில் வைத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும், அவ்வளவு தடிமன். அட்டையில் 'கடினச் சொற்கள் மட்டும்' என்று பெருமையாகப் போட்டிருந்தது. "சீரியஸா எழுதறவங்க எல்லாம் இதைத்தான் எடுக்கறாங்கம்மா. தெரிஞ்ச சொல்லு ஒண்ணுகூட இருக்காது. நேரம் வீணாகாது" என்றார்.

மிளகு அதற்குள் கீழ்த்தட்டிலிருந்து மெலிசான ஒரு பச்சைப் புத்தகத்தை உருவி வைத்திருந்தாள். அன்றாடச் சொற்கள். வீடு, சமையலறை, உடம்பு, கடைத்தெரு என்று பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னப் படம் போட்ட புத்தகம். ஏதோ ஒரு பக்கத்தில் கட்டைவிரலை வைத்தபடி நின்றாள்.

"இது போதும்மா."

அக்கா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் சின்னக் கிளாஸ்லயே படிச்சாச்சேடி. கதவு, ஜன்னல், வா, போ... காலேஜ் பரீட்சையில கதவுக்கு அர்த்தமா கேக்கப் போறான்?"

"அடிப்படை சரியா இருக்கணும்னு டீச்சர் சொன்னாங்க."

"எந்த டீச்சர்?"

நான் குறுக்கே புகுந்து, "புள்ள ஆசைப்படுது, ரெண்டையும் வாங்கிடலாமே" என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கும் முன் தொண்டையில் கை வைத்துக்கொண்டாள். இருக்கிற நாளுக்கு ஒன்றைத்தான் படிக்க முடியும், அதைத்தான் அந்தக் கை சொன்னது. எனக்கும் புரிந்தது, மிளகுக்கும் புரிந்தது. அக்கா பச்சைப் புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே செருகினாள். "சோம்பேறித்தனம். சோம்பேறித்தனம்" என்று இரண்டு முறை சொன்னாள். மிளகு சிவப்புப் புத்தகத்தைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

காலையில்தான் அக்காவின் குரல் தெளிவாக இருக்கும். எழுந்ததும் வெந்நீர் குடிப்பாள். துணி அலமாரியின் கதவைத் திறந்து, தொங்குகிற புடவைகளுக்கு நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அங்கேதான் எதிரொலி வராதாம். செல்போனை அதன் கயிற்றோடு ஒரு புடவையில் ஊக்கால் குத்தித் தொங்கவிட்டு, நிலையத்தில் உட்காருகிற மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்காருவாள். மிளகு தரையில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவாள். ஆங்கிலச் சொல், தமிழ் அர்த்தம். திரும்பவும் ஆங்கிலச் சொல், தமிழ் அர்த்தம். நான் அடுப்படியில் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தேன். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தக் காலைகளில்தான்.

நடுவே எல்லாமும் வரும். இருமல் வரும். "மிளகு, தண்ணி" என்பாள். "காலை நீட்டி உக்காருடி, மரத்துப்போகும்" என்பாள். நயவஞ்சகம் என்ற சொல்லைப் படித்துவிட்டு, "உங்கப்பா" என்று முணுமுணுத்தாள் ஒரு நாள். இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் அலமாரிக் கதவு ஆடியது. வெந்நீரோடு நான் உள்ளே போனபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சிரித்துத்தான்.

பிற்பகலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய பதிவைச் சுத்தம் செய்வாள். இத்தனை வருட வேலையில் தன் இருமலை ஒரு பயணிகூடக் கேட்டதில்லை என்பது அவளுக்குப் பெருமை. இருமல் வரும்போது மைக்கை அணைக்கத் தெரியாதவள் அறிவிப்பாளரே இல்லை என்பாள். அதே கண்ணும் கருத்துமாக இருமலை வெட்டினாள். தண்ணி கேட்டதை வெட்டினாள். மூச்சு வாங்கியதை, தொண்டையைச் செருமியதை, சிரித்ததை வெட்டினாள். கடைசியில் சொல்லும் அர்த்தமும் மட்டும் மிஞ்சும், கழுவித் துடைத்து அடுக்கிய தட்டு மாதிரி. எனக்குக் காட்டுவாள். "சுத்தமா இருக்குல்ல?"

"ரேடியோ மாதிரி இருக்குக்கா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது.

ஒரு நாள் மிளகு கேட்டேவிட்டாள். பக்கத்தைப் புரட்டாமல் விரலை வைத்துக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு வேற ஏதாவது பேசும்மா. சும்மா ஏதாவது" என்றாள்.

அக்காவுக்குப் புரியாமலா இருக்கும்? மகளின் தலையில் கை வைத்தாள். "புத்தகம் முதல்ல முடியட்டும்டி. முடிச்சதுக்கு அப்புறம் ஒரு வாரம் இருக்கும். அந்த வாரம் பூரா உனக்குத்தான். நீ போதும் போதும்னு காதைப் பொத்திக்கற வரைக்கும் பேசறேன்."

மிளகு தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

கடைசி எழுத்தின் கடைசிச் சொல்லை அக்கா ஒரு வெள்ளிக்கிழமை படித்து முடித்தாள். அன்று மாலை கீழ்வீட்டுப் பையனிடம் ஐஸ்கிரீம் வாங்கிவரச் சொல்லிக் கொண்டாடினோம். சாப்பிட்டு முடிக்கும் முன் அக்காவுக்கு மூச்சு இழுத்தது. முதலில் புரையேறியது என்று நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டி காற்றுப் பாதையை அடைக்க ஆரம்பித்துவிட்டது, தேதிக்குக் காத்திருக்க முடியாது என்றார்கள். அப்படியே ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு அக்கா மகளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். நர்சம்மா, "பேசாதீங்கம்மா, மூச்சை மட்டும் விடுங்க" என்றார். அந்த அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் இன்றைக்குவரை எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறது.

அக்கா பிழைத்தாள். கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி. கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகை, அதில் எழுதி எழுதி அழிப்பாள். மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் மேஜையை விரல் முட்டியால் தட்டுவாள், இரண்டு முறை. முதல் தட்டு சாதாரணமாக, இரண்டாவது கொஞ்சம் நிதானமாக. மிளகு எந்த அறையில் இருந்தாலும் "இதோ வரேம்மா" என்று ஓடிவருவாள். எந்த மேடை என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

பாடம் நன்றாகத்தான் நடந்தது. மிளகு அம்மாவின் பதிவைக் காதில் செருகிக்கொண்டு நடப்பாள், படுப்பாள், பல் தேய்ப்பாள். அக்கா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். சரியாகக் கேட்கிறதா என்று காதைத் தொட்டுக் காட்டிக் கேட்பாள். மிளகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள்.

ஒரு ஞாயிறு மதியம் அக்கா தூங்கும்போது மிளகு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். செல்லை முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளித் தள்ளிக் கேட்டுக்கொண்டிருந்தாள். படிக்கிற பிள்ளை அப்படித் தள்ளமாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னடி தேடற?"

"ஒண்ணாவது விட்டுப்போயிருக்குமான்னு பாக்கறேன் சித்தி."

"எது?"

"மிளகுன்னு ஒரு தடவை. தண்ணி கேட்டது. அன்னிக்கு அப்பாவைச் சொல்லிச் சிரிச்சமே, அது." செல்லைப் படியில் வைத்தாள். "ஒண்ணுகூட விடலை சித்தி. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் செல்லை எடுத்து நானும் தேடினேன். அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவள் இல்லை. வீடியோ எடுப்பவள் எப்போதும் அவளே, அதுவும் வாயைத் திறக்காமல் எடுப்பாள், அதனால் எதிலும் அவள் இல்லை. ஒரே ஒரு பிறந்தநாள் வீடியோவில் இருக்கிறாள். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அவள் வாய் அசைகிறது, நான் பக்கத்தில் நின்று கத்துவதுதான் கேட்கிறது. எனக்கு என் வாயையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"கடையில அந்தப் பச்சைப் புக்கு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள் மிளகு. "பரீட்சைக்கு இல்ல சித்தி. அதுல இருந்ததெல்லாம் அம்மா பேசற பேச்சு. வா, சாப்பிடு, தூங்கு, குளிச்சியா, மழை வருது, கதவைச் சாத்து. சமையலறைப் பக்கத்துல மிளகுகூட இருந்துச்சு. படம் போட்டு."

"அதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? உன் குரல் போகப்போகுது, அதனால இதைப் படின்னா?"

அந்தத் தடித்த புத்தகம் முழுக்க அக்கா பேசியிருந்தாள். வஞ்சகம், சூழ்ச்சி, பேராசை, பழிவாங்குதல், அகம்பாவம். தன் வாழ்நாளில் ஒரு முறைகூட அவள் வாயில் வராத சொல்லெல்லாம் அந்தத் தேன் குரலில் இருந்தது, ஒவ்வொன்றும் இரண்டு முறை. தினமும் சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. மிளகின் தலையை என் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அக்காவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று அவள்தான் என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

தேர்வில் மிளகு சொற்பகுதியில் ஒன்றைக்கூட விடவில்லை. தூரத்து நகரத்தில் நல்ல கல்லூரி கிடைத்தது. போகமாட்டேன் என்று இரண்டு நாள் அடம் பிடித்தாள். அக்கா பலகையில், "இதுக்காகத்தானே படிச்சேன்" என்று எழுதிக் காட்டினாள். அதோடு மிளகு அடங்கிவிட்டாள். வழியனுப்ப நிலையத்துக்குப் போனோம். கண்ணாடி அறையில் புதிதாக வந்த பெண் மைக்கை அணைக்காமல் இருமினாள். அக்கா புருவத்தைச் சுருக்கினாள். அவ்வளவுதான்.

விடுதியிலிருந்து மிளகு கூப்பிடும்போதெல்லாம் நான்தான் பேசுவேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பலகையில் எழுதுவாள், நான் படித்துச் சொல்வேன். என் வாய் சும்மா இருக்குமா? ஒன்றுக்கு நாலாகச் சேர்த்துச் சொல்வேன். "அம்மா இவ்வளவு நீளமா பேசமாட்டாங்களே" என்று மிளகு சிரிப்பாள்.

ஒரு நாள் கடையிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. படியேறும்போது வீட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. கையிலிருந்த பையை அப்படியே படியில் விட்டுவிட்டேன். கதவு திறந்திருந்தது. மேஜையில் வீட்டுச் செல்போன், அதில், "அம்மா? அம்மா, நீயா? சித்தி இல்லையா?" என்று மிளகு. அக்கா தன் செல்லில் பதிவுகளை வேகவேகமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். தேடியது கிடைத்ததும் அதை வீட்டுச் செல்லின் வாயருகே பிடித்து அழுத்தினாள்.

"சேஷியேட். பசி தீர்த்தல். சேஷியேட். பசி தீர்த்தல்."

பிறகு மிளகு சொன்னாள், "சாப்ட்டேம்மா. இப்பதான் சாப்ட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அறுவைக்குப் பிறகு அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நான் ஓடிப்போய்ச் சொற்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அதன் பிறகு என் தயவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அங்கே மழையா என்று கேட்க, "டெல்யூஜ். பெருவெள்ளம்." குளித்தாயா என்று கேட்க, "அப்ளூஷன். நீராடல்." விடிந்தும் எழவில்லையென்றால், "லெதர்ஜி. மந்தம்." தன் உடம்பு எப்படி என்று சொல்ல, "கான்வலெஸ். நோயிலிருந்து தேறுதல்." மிளகு விழுந்து விழுந்து சிரிப்பாள். "அம்மா, பெருவெள்ளம் எல்லாம் இல்ல, தூறல்தான். தூறலுக்கு உன் புத்தகத்துல இடம் ஏது?"

பேச்சு முடிகிற நேரம்தான் கஷ்டம். போய் வா, பத்திரமாக இரு என்பதற்கெல்லாம் அந்தப் புத்தகத்தில் சொல் கிடையாது. கடைசி எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஏங்குதல் என்று ஒரு சொல் இருந்தது. அக்காவின் விரல் அந்த இடத்தில் வந்து நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அழுத்தமாட்டாள். ஒரு தடவை நானே அழுத்தப் போனேன், கையில் சுள்ளென்று ஒரு அடி விழுந்தது. பலகையில் எழுதினாள்: "படிக்கிற புள்ள."

சென்ற ஞாயிறு மிளகு கூப்பிட்டாள். சாப்பாடு, குளியல், மழை எல்லாம் கேட்டாயிற்று. வழக்கமாக அந்த இடத்தில், "சரிம்மா, வைக்கறேன்" என்பாள். அன்று சொல்லவில்லை. அவளிடமும் அந்தப் பதிவுகள் இருக்கின்றன என்பதை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம். செல்லிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அக்காவிடமே வந்தது.

"யேர்ன். ஏங்குதல். யேர்ன். ஏங்குதல்."

அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கையிலிருந்த செல்லைக் கவிழ்த்து வைத்தாள். பலகையையும் தள்ளி வைத்தாள். பிறகு விரல் முட்டியால் மேஜையைத் தட்டினாள். முதல் முறை சாதாரணமாக, இரண்டாம் முறை கொஞ்சம் நிதானமாக.

"இதோ வரேம்மா" என்றாள் மிளகு, பக்கத்து அறையிலிருந்து சொல்வது போல.